ஒன்பது நிமிடத்தில் முடிந்த வேலை

நாற்பது நிமிடம் ஆக வேண்டிய வேலை ஒன்பது நிமிடத்தில் முடிந்தால் யாருக்கும் சந்தேகம் வரவேண்டும். எனக்குச் சந்தோஷம் வந்தது. மூன்று வாரம் தொடர்ந்து வந்தது.

ஓசூர் தொழிற்பேட்டையின் பின்வரிசையில், ஒரு ஸ்பிரிங் கம்பெனிக்கும் ஒரு பவுடர் கோட்டிங் ஷெட்டுக்கும் நடுவில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் பதினோரு பேர். மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு ஒரு பெட்டி செய்து தருகிறோம். கூழைச் சூடாக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டுவது. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று அது பதிந்துகொண்டே இருக்கும். அந்தப் பதிவு இல்லாத கூழை வெளிநாட்டுக்காரன் தொடமாட்டான். பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு போர்டு. அதில் ஓடுவது லினக்ஸ்.

எல்லாப் புரோகிராமுக்கும் அடியில் கிடந்து மாடு மாதிரி உழைக்கிற ஒன்று உண்டு. அதுதான் கெர்னல். உலகம் பூராவும் உள்ள ஆட்கள் சேர்ந்து எழுதுவது. புது வசதிகள் ஒரு கிளையில் போய்க்கொண்டே இருக்கும். எங்களைப் போல ஒரே பதிப்பைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களுக்காகப் பழைய கிளைகளும் உண்டு. அவற்றில் புதிதாக எதுவும் சேராது; ஓட்டை மட்டும் அடைப்பார்கள். ஏறக்குறைய வாரம் ஒருமுறை, நூற்றுக்கணக்கான திருத்தங்களை ஒரு மூட்டையாகக் கட்டி, எல்லாருக்கும் போகும் மின்மடலில் போடுவார்கள். இதை வெளியிடப்போகிறோம், இரண்டு நாளில் சோதித்துச் சொல்லுங்கள் என்பார்கள். சோதித்துப் பார்க்கிறவர்கள் பதில் போடுவோம். இன்ன போர்டில் பில்ட் ஆனது, பூட் ஆனது, பழுதில்லை. பில்ட் என்றால் எழுதியதை ஓடக்கூடிய கெர்னலாகச் சமைப்பது; பூட் என்றால் அது போர்டில் எழுந்து ஓடத் தொடங்குவது. கீழே பெயர். அந்தப் பெயர் வெளியீட்டோடு சேர்ந்து அப்படியே பதிவாகிவிடும். நான் கிழவியானாலும் அங்கே இருக்கும்.

எங்கள் போர்டு பழையது. அதை வைத்துச் சோதித்துச் சொல்லும் ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். காலேஜ் முடித்து வந்த முதல் வருடத்திலேயே ஆரம்பித்தேன். யாரும் சொல்லவில்லை. ஆர்வம், வேறென்ன. நாலாவது வாரமே ஒரு பிழை பிடித்தேன். நான் எழுதிய சில மணி நேரத்தில் அந்தத் திருத்தத்தை மூட்டையிலிருந்து உருவி எறிந்துவிட்டு, சொன்னவர் இன்னார் என்று என் பெயரையும் போட்டார்கள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் எல்லாரிடமும் போனை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஷெட்டில் போர்டு பொருத்துகிற டெக்னீஷியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், எங்களிடம் தமிழ். என்னைத் 'தல்லி', அதாவது தெலுங்கில் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"உம் பேரு அமெரிக்கா வரைக்கும் போயிடுச்சா தல்லி?"

"போயிடுச்சுண்ணா."

"எங்க ஊரு ரேஷன் கார்டுல எம் பேரே இன்னும் சரியா வரல."

அதெல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்பு. வாரம் தவறாமல் ஒரு மூட்டை வந்தால் எந்த ஆர்வம்தான் தாங்கும்? தீபாவளி வாரமும் வரும். காய்ச்சல் வாரமும் வரும். பில்ட் ஓடவிட வேண்டும். பக்கத்து ஷெட்டில் பவுடர் கோட்டிங் அடுப்பைப் போட்டால் எங்களுக்கு வோல்டேஜ் இறங்கி, முப்பதாவது நிமிடத்தில் மெஷின் அணையும். மறுபடி முதலிலிருந்து. ஆயிரம் கோப்புப் பெயர்கள் திரையில் மேலேறிப் போவதையே பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் அதுவே ஓடியது. அதனால் எல்லாவற்றையும், கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் ஒரு ஸ்கிரிப்ட்டில் போட்டேன். மூட்டையை இறக்குவது, பில்ட் செய்வது, போர்டில் ஏற்றுவது, பூட் ஆகிறதா, வெப்பம் படிக்கிறதா என்று பார்ப்பது, கடைசியில் மடலைக்கூட அதுவே எழுதி வைக்கும். நான் அனுப்பு என்று தட்டினால் போதும்.

முன்பு ஒருமுறை பில்ட் செய்த கோப்புகளைச் சேர்த்துவைத்து மறுபடி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றையும் பிறகு ஒரு வாரம் அதில் சேர்த்தேன். ஒன்பது நிமிடம் ஆனபோது அதன் மகிமை என்று நினைத்தேன். தட்டினேன். அடுத்த வாரமும் தட்டினேன். அதற்கடுத்த வாரமும்.

*

மூன்றாவது மடல் போன மறுநாள், செவ்வாய்க்கிழமை, ஆறு பெட்டிகளோடு கிருஷ்ணகிரி போனேன். சீசன் ஆரம்பம். சூளகிரி தாண்டியதிலிருந்தே ரோட்டோரம் மாங்காய் லாரிகள். ஆலையில் பழைய பெட்டிகளைக் கழற்றி எங்களிடம் சர்வீசுக்குக் கொடுத்திருந்தார்கள். புது வெளியீட்டை ஏற்றித் திருப்பி மாட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளர் சார்பில் ஓர் ஆய்வாளர் வருகிறார். நெட்வொர்க்கில் இருக்கிற ஒவ்வொரு பெட்டியிலும் ஓட்டை அடைத்த பதிப்பு இருக்கிறதா, எந்த நம்பர், சோதித்தது யார் என்று அவர் கையில் ஒரு கேள்விப் பட்டியல். அதற்காக ஆறு பெட்டிக்கும் ஆறு சோதனைச் சான்று, கம்பெனி முத்திரையோடு. கையெழுத்து என்னுடையது. சான்றும் பெட்டியும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த லைனில் வந்த கூழை எடுக்கமாட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது ஒரே ஆள்: அந்த ஆலையில் தரம் பார்க்கிற கியூ.சி. அக்கா.

அக்காவுக்கு முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். ரப்பர் பூட்ஸ், தலையில் வலைத்தொப்பி, கழுத்தில் ஒரு டார்ச். எதைக் கையில் எடுத்தாலும் திருப்பிப் பார்த்துத் தேதியைப் படிப்பார். டின் மூடி, பிஸ்கட் பாக்கெட், தண்ணீர் பாட்டில், தீயணைப்பு சிலிண்டர் எதுவும் தப்பாது. ஒருமுறை ஓசூரிலிருந்து மைசூர்பாகு வாங்கிப் போனேன். பிரிக்கவில்லை. குப்புறக் கவிழ்த்தார். "முந்தாநேத்து போட்டது. சரி, சாப்பிடலாம்" என்றார்.

பெட்டியை ஆன் செய்தால் சின்னத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடும். இரண்டு வருடமாக நான் ஒருநாளும் அவற்றைப் படித்ததில்லை. கடைசியில் வெப்பம் காட்டினால் எனக்குப் போதும். ஒவ்வொரு பெட்டிக்கும் கணக்குக்காக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். நாலாவது பெட்டியில் நிறுத்தினார்.

"இரு மா. அணைச்சுட்டு மறுபடி போடு."

போட்டேன். முதல் வரி தெரிந்த நொடியில் விரலை வைத்தார்.

"இது என்னா தேதி?"

"எதுக்கா?"

"முதல் வரியில கடைசில ஒரு தேதி ஓடுது பாரு. போன மாசத் தேதி. நேத்து செஞ்சதுன்னு சொன்ன?"

நான் வேகமான ஆள். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்திலிருந்தே அதற்கு ஒரு நல்ல பெயர் உண்டு.

"அது கடிகாரம்கா. போர்டுல இன்னும் டைம் செட் ஆகல. நெட்டு கனெக்ட் ஆனதும் சரியாயிடும்."

"ஓ. அப்படியா?" அக்கா விரலை எடுத்தார். ஆறு சான்றையும் வாங்கிக் கோப்பில் வைத்து, நாடாவைக் கட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபிறகுதான் அது உறுத்த ஆரம்பித்தது. முதல் வரியில் வருவது போர்டின் கடிகாரம் இல்லை. அந்தக் கெர்னலை எந்த மெஷினில், எந்தத் தேதியில் பில்ட் செய்தோம் என்பது அது. எனக்குத் தெரியும். தெரிந்ததையே வாய் மாற்றிச் சொல்லிவிட்டது. போனை எடுத்துப் போட்டோக்களைப் பெரிதாக்கினேன். ஆறில் ஒன்றில்தான் முதல் வரி விழுந்திருந்தது. நம்பர் இருந்தது. சான்றில் நான் எழுதிய நம்பரைவிட மூன்று குறைவு. பஸ் சூளகிரியில் நின்றது. யாரோ மாங்காய் மூட்டையை என் காலுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். காலை நகர்த்தக்கூடத் தோன்றவில்லை.

*

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே ஷெட்டைத் திறந்து உட்கார்ந்தேன். கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் எரிச்சல்.

பில்ட் ஓடும்போது திரையிலும் தெரியட்டும், ஒரு கோப்பிலும் பதிவாகட்டும் என்று மூன்று வாரத்துக்கு முன் ஸ்கிரிப்ட்டில் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தேன். பில்ட் சொல்வதை இன்னொரு கட்டளை வாங்கி இரண்டு இடத்தில் எழுதும். அப்படி இரண்டைக் கோத்துவிட்டால், முடிந்ததா என்று ஸ்கிரிப்ட் விசாரிப்பது கடைசியில் நிற்பவனிடம்தான். முன்னால் நின்ற பில்ட் மயங்கி விழுந்து கிடந்தது. பின்னால் நின்ற எழுத்தன், "நான் எழுதிட்டேன் சார், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஸ்கிரிப்ட் நம்பியது. புதுக் கெர்னல் உருவாகவே இல்லை. அதே இடத்தில் கிடந்த பழையதை எடுத்துப் போர்டில் ஏற்றியது. பழையது நன்றாக பூட் ஆனது. ஏன் ஆகாது? அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கெர்னல்தானே. மடலில் நம்பர் எங்கிருந்து வந்தது? போர்டைக் கேட்டு வாங்கவில்லை. இறக்கிய மூட்டையின் பெயரிலிருந்து எடுத்துப் போட்டது.

பில்ட் விழுந்த காரணமும் அந்தக் கோப்பிலேயே சிவப்பாக இருந்தது. மூன்று வாரமாக இருந்திருக்கிறது. எதற்காகக் கோப்பில் பதியவைத்தேனோ அந்தக் கோப்பை நான் ஒருநாளும் திறக்கவில்லை.

சார் பத்து மணிக்கு வந்தார். சார் என்றால் முதலாளி. எங்களோடு சேர்ந்து அவரும் சால்டரிங் செய்வார். கெட்டவர் இல்லை. சீசன் தொடங்கியதிலிருந்து கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்த் திரிந்தார். நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"எத்தனை பாக்ஸ்?"

"ஆறும் சார்."

"ஓடுதா?"

"ஓடுது சார்."

"டெம்பரேச்சர் கரெக்டா எடுக்குதா?"

"எடுக்குது சார். ஆனா உள்ள இருக்கறது..."

"நம்பர் மட்டும்தான் தப்பு. அந்த நம்பர் எங்க இருக்குது?"

"மேக்ஃபைல்ல சார். முதல் நாலு வரி."

"மாத்திடு." காரின் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "வர்ற ஆளு உள்ளார பூந்து வரி வரியா படிக்கப்போறாரா? நம்பரைப் பாப்பாரு, டிக் அடிப்பாரு, போவாரு. நிஜமா சரி பண்றதை அடுத்த வாரம் நிதானமா பண்ணு மா. வெள்ளிக்கிழமை நம்ம பேரு கெடக்கூடாது."

செய்தேன். பழைய கெர்னலின் மேல் ஒரு எண்ணை அழித்து இன்னொரு எண்ணை எழுதினேன். சில நிமிடத்தில் பில்ட் முடிந்தது. மேஜைமேல் கிடந்த சோதனைப் பெட்டியில் ஏற்றி ஆன் செய்தேன். இந்த முறை முதல் வரியைப் படித்தேன். புது நம்பர். இன்றைய தேதி. ஒரு குறை சொல்ல முடியாது. பொய் இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

டெக்னீஷியன் அண்ணன் டீயோடு வந்தார்.

"ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுண்ணா."

"அப்பறம் ஏன் மூஞ்சி சாவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குது?"

சொன்னேன். டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "பெட்டி யாரையாவது கடிக்குதா?" என்றார்.

"இல்லண்ணா."

"அப்ப உடு தல்லி. சாரே சொல்லிட்டாரு."

நான் நியாயஸ்தி என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. அன்று எனக்கு வந்தது நியாயம் இல்லை, அலுப்பு. மேஜைமேல் இருந்த பெட்டியில் ஒரு பொய். ஆலையில் இருக்கிற ஆறில் வேறொரு பொய். மடலில் மூன்று. அக்காவிடம் வாயால் சொன்னது ஒன்று. எது எங்கே இருக்கிறது என்று இனி நினைவில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த வாரம் உண்மையானதை ஏற்றும்போது ஏற்கெனவே அதே நம்பர் அங்கே இருக்கும், அதற்கு இன்னொரு கதை கட்ட வேண்டும். அதற்கான தெம்பு என்னிடம் இல்லை. பெட்டியை அணைத்தேன். அந்த நாலு வரியைப் பழையபடி மாற்றிவிட்டு, வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

பின்னால் மெஷின் இரைச்சல். "கேக்கல, இரு, வெளியே வரேன்" என்றார். கதவு சாத்தும் சத்தம். "சொல்லு."

"அக்கா, நேத்து தேதி கேட்டீங்கல்ல."

"ஆமா."

"அது கடிகாரம் இல்லக்கா. நிஜமாவே பழசுதான். நம்பரும் பழசு. பேப்பர்ல நான் எழுதினது தப்பு."

"அப்ப கடிகாரம்னு ஏன் சொன்ன?"

"டக்குனு வந்துடுச்சுக்கா."

"டக்குனா? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லேன். நான் என்னா உன்னைய முட்டி போடவா சொல்லப்போறேன்? இவ்ளோ படிச்சுட்டு, கேட்டதும் வாய்க்கு வந்ததை எடுத்து உடறியே."

வேப்பமரத்துப் பட்டையை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"எங்க டின்னுல எவனாவது தேதி மாத்தி அடிச்சுட்டான்னா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் மா. அவனும் மனுசன்தானே? அதும் மேல ஸ்டிக்கர் ஒட்டினான்னா, அன்னிக்கே கேட்டுக்கு வெளியே." நிறுத்தினார். "ஒட்டினியா?"

"ஒண்ணுலக்கா. எங்க டேபிள்ல. எடுத்துட்டேன்."

யாரோ அவரைக் கன்னடத்தில் கூப்பிட, வந்துட்டேன், இருங்க என்பதை அவர்கள் பாஷையிலேயே "பந்தே, இரி" என்று கத்தினார்.

"இங்க பாரு. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஆளு வந்துடுவாங்க. அதுக்கு முன்னாடி நிஜத்தைக் கொண்டா. முடியலைன்னா பழைய நம்பரையே எழுதிப் புதுப் பேப்பர் கொண்டா. ரெண்டுல ஒண்ணு. உங்க சார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

சாரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போன் பண்ணியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

*

பிழை என்ன என்று சொன்னால் சிரிப்பு வரும். மூன்று வாரத்துக்கு முந்தைய மூட்டையில் ஒரு திருத்தம். வெப்ப உணரி மாட்டியிருக்கும் வழித்தடத்தில் ஓர் ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். அது மின்சேமிப்பு சம்பந்தப்பட்ட ஒரு வேலையைக் கூப்பிடுகிறது. மின்சேமிப்பு வசதி இருந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் உண்டு. அதை அணைத்து வைத்தவர்களிடம் அப்படி ஓர் ஆளே இல்லை. பில்ட் அங்கேயே விழும். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அதை அணைக்கமாட்டார்கள். நாங்கள் அணைத்திருந்தோம். உணரி தூங்கிப்போய், கூழ் கொதிக்கும்போது கண் திறக்க மறுத்ததால் முதல் வருடமே அணைத்தது. ஆக, அந்தப் பிழை விழக்கூடிய வாசலில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்தி. நான் மூன்று வாரமாக, இங்கே எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதுக் கிளையில் தேடினேன். அங்கே யாரோ இதே பிழையில் விழுந்து எப்போதோ சரிசெய்திருந்தார்கள். அந்த வசதி இல்லாதவர்களுக்கு, கூப்பிட்டால் சும்மா தலையாட்டிவிட்டுப் போகிற ஒரு வெற்று ஆளை நிறுத்திவைக்கும் திருத்தம். நாலு வரி. பழைய கிளைக்கு அதை எடுத்துவர மறந்திருக்கிறார்கள். எடுத்துப் போட்டேன். ஸ்கிரிப்ட்டிலும் முன்னால் நிற்பவன் விழுந்தால் எல்லாமே நிற்கும்படி மாற்றினேன். சேர்த்துவைத்த பழைய கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டு, வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு முதலிலிருந்து பில்ட்டை ஓடவிட்டேன்.

முப்பத்தோராவது நிமிடத்தில் பக்கத்து ஷெட்டில் அடுப்பைப் போட்டார்கள். மெஷின் அணைந்தது.

டெக்னீஷியன் அண்ணன் எழுந்து போனார். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே அவர் தலை மட்டும் தெரிந்தது. "குரு, ஒந்து கண்டே! ஒரே ஒரு மணி நேரம்! எங்க வீட்டுப் பொண்ணு பரீட்சை எழுதுது!" என்று கத்தினார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அடுப்பு நின்றது. பில்ட் நாற்பத்திரண்டு நிமிடம் ஓடி முடிந்தது. நான் எழுந்திருக்கவே இல்லை. ஏற்றினேன். முதல் வரியில் நம்பரும் தேதியும் என்ன இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தன. நேற்று பொய்யாகப் பார்த்த அதே நம்பர்தான். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மடல் எழுத அதைவிட அதிக நேரம் ஆனது. முதலில் எழுதியதில் வோல்டேஜ், சீசன், ஸ்கிரிப்ட் என்று ஒரு புராணம் இருந்தது. அழித்தேன். கடைசியில் மிஞ்சியது ஆறு வரி. கடந்த மூன்று வெளியீடுகளுக்கு நான் அனுப்பிய அறிக்கைகள் செல்லாது. என் ஸ்கிரிப்ட் பில்ட் தோல்வியை மறைத்துவிட்டது. பழைய கெர்னலையே பூட் செய்தேன். இன்ன அமைப்பில் பில்ட் விழுகிறது. இன்ன திருத்தத்தைச் சேர்த்தால் சரியாகிறது. சோதித்தேன். மன்னிக்கவும். கீழே பெயர். அது எல்லாரும் படிக்கிற இடம். எங்கள் காலேஜ் பேட்ச் பையன்களில் பாதிப் பேர் பெங்களூரில் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். தட்டினேன்.

சாயங்காலம் அந்தப் பழைய கிளையை நிர்வகிப்பவரிடமிருந்து இரண்டு வரி வந்தது. நன்றி, திருத்தத்தை அடுத்ததில் சேர்க்கிறோம். அவ்வளவுதான். திட்டவில்லை. அதற்குக் கீழே இன்னொருவர் எழுதியிருந்தார். எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது, நெடுநாளாகச் சோதிப்பவர். மின்சேமிப்பு இல்லாத அமைப்பைத் தானும் முன்பு பார்த்துவந்ததாகவும், நான் வாராவாரம் பார்ப்பதால் அதை நிறுத்திவிட்டதாகவும், இனி மறுபடி தானே பார்க்கப்போவதாகவும் சொல்லியிருந்தார். கோபம் எதுவும் இல்லாத வரிகள். நான் அதை மூன்று முறை படித்தேன்.

*

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அண்ணனின் பைக்கில் கிளம்பினோம். ஆறு பெட்டிக்கும் புதுக் கெர்னல் ஏற்றிய ஆறு மெமரி கார்டு, சட்டைப்பையில் ஒரு டப்பாவில். ஆலைக்குள் நுழையும்போதே சூடான கூழின் வாசம் முகத்தில் அடித்தது. அக்கா லைனில் நின்றிருந்தார்.

"ரெண்டாவது லைன் சும்மாதான் நிக்குது. அதுல நாலு பெட்டி. போய் மாத்து."

"முதல் லைன்க்கா?"

"அஞ்சு மணிக்கே காய் இறங்கிடுச்சு. ஓடுது பாரு."

முதல் லைனின் இரண்டு பெட்டிகளும் பச்சை விளக்கோடு வெப்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. அவற்றை மாற்றினால் பதிவு பத்து நிமிடம் அறுபடும். அறுபட்டால் ஓடிக்கொண்டிருக்கும் கூழ் முழுவதும் கழிவு.

"நிறுத்த முடியாதாக்கா? பத்தே நிமிசம்."

"உன் நம்பருக்காக நான் பெங்களூரா காயை அழுகவிடமாட்டேன்." கிளிமூக்கு மாங்காய்க்கு அங்கே பெங்களூரா என்றுதான் பெயர். "அந்த ரெண்டுக்கும் பழைய நம்பரையே எழுது. கையெழுத்து போடு."

நாலு பெட்டியை மாற்றினேன். ஒவ்வொன்றையும் ஆன் செய்தபோது அக்கா பக்கத்தில் வந்து முதல் வரியை டார்ச் அடித்துப் படித்தார். திரைக்கு டார்ச் எதற்கு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பழைய ஆறு சான்றையும் கோப்பிலிருந்து உருவி என் கையில் கொடுத்தார். "நீயே கிழி" என்றார். கிழித்தேன். புதிதாக ஆறு எழுதினேன். நாலில் புது நம்பர், இரண்டில் பழையது.

ஒன்பதே காலுக்கு ஆய்வாளர் வந்தார். மெலிந்த, அமைதியான மனிதர். சார் சொன்னது போல டிக் அடித்துவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் அக்காவிடம் சொல்லித் திரையில் நம்பரை வரவழைத்துச் சான்றோடு வைத்துப் பார்த்தார். ஐந்தாவதில் நின்றார்.

"வை ஒன்லி திஸ் டூ?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "லைன் ஓடிட்டு இருக்குது சார். ஓடற லைன்ல கை வைக்கமாட்டோம். காய் முடிஞ்சதும் சாயந்திரம் மாத்திடுவோம். அதான் பழைய நம்பரையே எழுதியிருக்கோம்."

அவர் தலையாட்டி ஏதோ எழுதினார். போகும்போது தாளை அக்காவிடம் நீட்டினார். கூழை ஏற்கிறார்கள். ஆனால் ஒரு குறிப்பு இருந்தது: இரண்டு பெட்டிகள் பழைய பதிப்பில், காரணமும் திருத்த நடவடிக்கையும் எழுத்தில் தேவை. அக்கா அங்கே சேர்ந்ததிலிருந்து அவர் கோப்பில் விழுந்த முதல் குறிப்பு அது. அவர் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள்.

"பதிலை நீ எழுது. நடந்ததை எழுது. நான் கையெழுத்து போடறேன்" என்றார் அக்கா. வராந்தாவில் உட்கார்ந்து எழுதினேன். வாசித்துவிட்டு, என் பெயருக்குக் கீழே தன் பெயரைப் போட்டார். சாயந்திரம் காய் முடிந்ததும் மிச்ச இரண்டு பெட்டிகளையும் மாற்றினேன். டார்ச், முதல் வரி, தேதி. மைசூர்பாகு வாங்கிப் போயிருந்தேன். அதைக் கொடுக்க ஒரு சமயம் வாய்க்கவில்லை. திரும்பி வரும்போது அண்ணனும் நானும் சூளகிரி டீக்கடையில் நின்று தின்றோம்.

"ரெண்டு பெட்டிக்கு இவ்ளோ பாடா தல்லி?" என்றார் அண்ணன். வாயில் மைசூர்பாகு. நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

வாரத்துக்கு ஒரு மூட்டை இன்னும் வருகிறது. இப்போது என் மடலின் முதல் வரி, போர்டு தன் வாயால் சொல்லும் முதல் வரிதான், தேதியோடு. நாற்பத்திரண்டு நிமிடமும் உட்கார்ந்து கோப்புப் பெயர்கள் மேலேறுவதைப் பார்க்கிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. அந்த இன்னொரு மனிதரும் அதே அமைப்பில் சோதித்து, எனக்குக் கீழே தன் வரியைப் போடுகிறார்.

போன மாதம் மறுபடி ஒரு வெளியீட்டை ஏற்றினோம். அண்ணன் மட்டும் ஆலைக்குப் போயிருந்தார். மாட்டி முடித்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, ஆறும் புதுசு. தேதி நேத்து தேதி. நானே முதல் வரியைப்..."

"நீ சொல்லாத மா" என்றார் அக்கா. கோபம் இல்லை, வேலை அவசரம்தான். "லைன்லதான் இருக்கேன். நானே பாத்துக்கறேன்."

போனை வைக்கவில்லை. ரப்பர் பூட்ஸ் ஈரத்தரையில் சப் சப் என்று நடந்து போவது கேட்டது. பிறகு அவர் நம்பரை ஒவ்வொன்றாக முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. ஆறையும் அவர் படித்து முடிக்கும்வரை நான் காத்துக்கொண்டிருந்தேன்.